அழுத்தாத மணி

படம் தொடங்கிப் பதினோராவது நிமிடத்தில் வாசல் மணி அடித்தது.

அதுவரை திரையில் நடந்தது இவ்வளவுதான்: ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மழை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை.

"இதோ உக்காரப் போறாங்க, இதோ உக்காரப் போறாங்கன்னு உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு இருந்தேன்! இப்பத்தான் வரணுமா?" என்று வெந்நீர்த் தொட்டியிலிருந்து கால்களை வெளியே எடுத்தார் அதிகாரியம்மா.

வந்தவர் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். அவரை அனுப்பிவிட்டு வந்து, படத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, காலை நனைத்தார். மறுபடியும் மணி. மூன்றாவது மாடிக்குப் போக வேண்டியவர் இரண்டாவது மாடியில் நின்றுகொண்டு, "இது மூணாவது மாடி இல்லீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் நம்பாமல் பெயர்ப்பலகையைப் படித்துப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது முறை மணி அடித்தபோது அதிகாரியம்மா ஓடிய ஓட்டத்தில் தன் ஈரக் காலடியிலேயே தான் வழுக்கி, அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது கண் இமை படபடவென்று துடித்தது.

அந்த இமைதான் இத்தனைக்கும் காரணம்.

அதிகாரியம்மாவுக்குக் கல்லூரித் தேர்வுகளை நடத்தும் வேலை. 'தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி' என்று பித்தளையில் பொறித்து, வீட்டு வாசலில் கணவர் பெருமையாக மாட்டியிருக்கிறார். இந்த முறை நாற்பத்திரண்டு நாள் தேர்வு. ஒன்பதாம் நாள் இயற்பியல் உறையைப் பிரித்தால் உள்ளே வேதியியல் வினாத்தாள் உட்கார்ந்திருந்தது. மறுதேர்வு வைத்தார்கள். மறுதேர்வு அன்று மின்சாரம் போனது. மறுதேர்வுக்கு மறுதேர்வு வைத்தார்கள். எல்லாம் முடிந்து முடிவு வெளியானபோது, அவருடைய இடது இமை தனியாக ஒரு தேர்வு நடத்திக்கொண்டிருந்தது.

"மூளைக்கு ஓய்வு குடுங்க. போனை அணைச்சு வைங்க. மெதுவா ஓடுற எதையாவது பாருங்க" என்றார் டாக்டர்.

இமையைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது வேறொன்று. விடுப்பு எடுப்பதற்கு முந்தின நாள், டீ குடிக்கும் அறையின் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ சொன்னது காதில் விழுந்தது. "லீவு எடுத்து மேடம் என்ன பண்ணப் போறாங்க? ஹால் டிக்கெட்ட விட்டா உலகத்துல அவங்களுக்கு வேற என்ன தெரியும்?" சொன்ன குரலில் கேலி இல்லை, இரக்கம்தான் இருந்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அது உண்மைதானே என்று தோன்றியதுதான் காரணம்.

அதனால்தான் திரைப்படக் கழகத்தில் சேர்ந்தார். நூலகத்து மாடியில் பதினொரு பேர் கூடும் கழகம். அதன் தலைவர் தொழிலில் பல் மருத்துவர், தாடியில் சிந்தனையாளர். புது உறுப்பினர் முதல் கூட்டத்திலேயே ஒரு படத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்பது கழகத்தின் விதி. தலைவர் தேர்ந்தெடுத்துத் தந்த படம் மூன்று மணி பத்து நிமிடம் ஓடும், கறுப்பு வெள்ளை, மொத்த வசனம் நாலு வரி. கூட்டம் இன்று மாலை ஆறு மணிக்கு.

தனக்கும் பார்க்கத் தெரியும், பார்த்ததைச் சொல்லத் தெரியும் என்று ஒருமுறையாவது நிரூபித்துவிட வேண்டும். பிறருக்கு அல்ல, தனக்கே.

ஓய்வெடுக்கவும் அவருக்கு ஒரு வழிதான் தெரியும். அட்டவணை போட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். 'காலை 11.00: கால் ஊறவைத்தல். 11.15: படம், முதல் பகுதி. 12.30: சாக்லேட் (பன்னிரண்டு துண்டுகள், அனைத்தும் கட்டாயம்). 1.40: விரும்பினால் அழலாம்.' சாக்லேட் இணையத்தில் சொல்லியாயிற்று, இன்றைக்கு வந்துவிடும். அதை நினைத்தபோதுதான் நாற்பத்திரண்டு நாளில் முதல்முறையாக நாக்கில் எச்சில் ஊறியது.

மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. படம் இன்னும் நாற்காலியைத் தாண்டவில்லை.

"இப்படியே போனா சாயங்காலம் நாற்காலியப் பத்தித்தான் பத்து நிமிஷம் பேசணும்" என்றார் அதிகாரியம்மா.

"மணி அடிக்காதீங்கன்னு ஒரு அட்டை எழுதி மாட்டிடேன்" என்றார் கணவர். வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவர் அவர். அட்டை என்றால் இரண்டு வரி எழுதுவாள் என்று நினைத்துவிட்டார், பாவம்.

அதிகாரியம்மா பேனாவை எடுத்ததும் கை தன் பழக்கத்துக்கு எழுதிக்கொண்டே போனது: 'இன்று முற்பகல் 11.00 முதல் பிற்பகல் 3.00 வரை இவ்வாசலில் மணி அழுத்துவது முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. மீறுவோர் மூன்று ஆண்டுகள் தேர்வு எழுத அனுமதிக்கப்பட மாட்டார்கள். உத்தரவுப்படி.' கீழே கையெழுத்து, தேதி. முத்திரை கையில் இல்லையே என்பதுதான் அவருக்கு ஒரே குறை.

அட்டையைக் கணவரிடம் கொடுத்தார். அவர் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் வாசலில் தொங்கவிட்டுவிட்டு வந்தார்.

மந்திரம் போட்டதுபோல மணிச் சத்தம் நின்றது. வீடு அமைதியானது. எவ்வளவு அமைதி என்றால், கணவர் சிப்ஸ் கடிக்கும் சத்தம் சுவரில் ஆணி அடிப்பதுபோலக் கேட்டது.

"என்னங்க இது?"

"உருளைக்கிழங்கு."

"அது தெரியுது. படம் எடுத்தவன் ஒரு மணி நேரமா மௌனத்த உருவாக்கிக்கிட்டு இருக்கான். நீங்க அதைக் கடிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கீங்க."

"ஊறவெச்சுச் சாப்பிடறேன், போதுமா?" என்று ஒரு துண்டை வாயில் போட்டு, கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு இன்னும் சத்தமாகக் கேட்டது. அதிகாரியம்மா திரும்பிப் பார்த்த பார்வையில், கணவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அப்போதுதான் படம் நின்றது. திரையில் ஒரு கேள்வி: 'நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?'

"ஆமா!" என்றார் அதிகாரியம்மா, தேர்வறையில் பேர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

டிவிக்கு அது போதவில்லை. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். படம் முதலுக்கே போனது. இன்னொன்றை அழுத்தினார்; யாரோ வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவதை அழுத்தியதும் படுக்கையறையில் மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

அது கொழுந்தனின் கைவண்ணம். வீட்டில் அவனுக்கு 'ரிப்பேர்' என்று பெயர். சரிசெய்வதால் வந்த பெயரா, கெடுப்பதால் வந்த பெயரா என்று இன்றுவரை யாரும் தீர்த்துச் சொன்னதில்லை. மூன்று மாதத்துக்கு முன் இந்தப் புது வீட்டுக்குக் குடிவந்த அன்றே பல்பு, மின்விசிறி, கேமரா வைத்த வாசல் மணி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் டிவியோடு கோர்த்துவிட்டான். அதிலிருந்து துணி துவைத்து முடிந்தால் டிவி பாட்டுப் பாடும். அதிகாரியம்மாவுக்கு இதெல்லாம் சரியாகத் தெரியாது. குடிவந்த மறுநாளே தேர்வு வேலை தொடங்கிவிட்டது. விடியுமுன் கதவைத் திறந்து, ஒட்டினாற்போல் இருக்கும் லிஃப்டுக்குள் புகுந்தால், இருட்டியபின் போனைக் காதில் வைத்துக்கொண்டே அதே லிஃப்டிலிருந்து கதவுக்குள் புகுவார். மூன்று மாதமாக விடுதியில் தங்குவதுபோல்தான் அந்த வீட்டில் தங்கியிருந்தார்.

மேசையில் கிடந்த கணவரின் போனை எடுத்து, அடுத்த தெருவிலிருந்த ரிப்பேரைக் கூப்பிட்டார். மணி அடிக்காதே என்றும் சொல்லிவைத்தார். அவன் கதவைத் தட்டினான்.

"என்ன அண்ணி, முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கு?"

"ஓய்வு எடுக்கறேன்டா. பாத்தா தெரியல?"

ரிப்பேர் டிவியின் பின்பக்கம் தலையை நுழைத்தான். "இது சும்மா சும்மா தூங்கிடுது அண்ணி. ஏதாவது அசைஞ்சாதான் முழிச்சிருக்கும். உங்க படத்துல எதுவும் அசையலபோல."

"மழை பெய்யுதுடா."

"அதெல்லாம் கணக்குல வராது." வரிசையாகப் பதினொரு பொத்தான்களை அழுத்தினான். திரை கறுத்தது. சமையலறை விளக்கு அணைந்து எரிந்தது. பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு படிக்கட்டு தோன்றியது. "வந்துடுச்சு. இனிமே நீங்களா நிறுத்தினாலும் இது நிக்காது அண்ணி."

"முன்னாடி ஜன்னல் இருந்துச்சே?"

"சீன் மாறியிருக்கும். ஒரு மணி நேரமா ஜன்னலையே காட்டுவாங்களா, என்ன?"

அவன் போய்விட்டான். அதிகாரியம்மா ஆறிப்போன தண்ணீரில் கால்களை வைத்துக்கொண்டு சாய்ந்தார்.

படிக்கட்டு. எங்கோ உயரத்திலிருந்து குனிந்து பார்ப்பதுபோல, ஓரங்கள் எல்லாம் வளைந்து தெரிந்தன. மூலையில் வாடின செடி ஒன்று. நான்கு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. ஐந்தாவது நிமிடத்தில்தான் அதிகாரியம்மா கவனித்தார்: படிகளில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். உச்சந்தலையில் வட்டமாக வழுக்கை. கையில் ஏதோ பொட்டலம். அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாயில் வைக்கிறான். வைத்துவிட்டு, மெல்லாமல், வெகுநேரம் காத்திருக்கிறான். பிறகு தோள் ஏறி இறங்க ஒரு பெருமூச்சு.

"அடக் கடவுளே, மெல்லக்கூட உரிமை இல்லாத மனுஷன்" என்று முணுமுணுத்தார்.

அவன் எழுந்து போனான். கொஞ்ச நேரம் கழித்துக் கணவர் பூனைபோல வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கணினி அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"என்னம்மா, நம்ம வீட்டுப் படிக்கட்டு மாதிரியே இருக்கு?" என்றார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"நல்ல கலைன்னா அப்படித்தாங்க இருக்கும். எங்கயோ நடக்கும், நம்ம வீட்டுல நடக்கற மாதிரியே தோணும்."

கணவர் தலையை ஆட்டினார். ஆட்டிய தலை அப்படியே மார்பில் சரிந்து தூங்கிவிட்டது.

சாக்லேட் வரவில்லை. மணி ஒன்றரை. அட்டவணையில் ஒரு கட்டாயப் பகுதி விடுபட்டுப்போன வருத்தம் அவருக்கு இருந்தது. ஆனால் அடுத்த காட்சியில் அதுவும் மறந்துபோனது.

படியேறி ஒரு பெண் வந்தாள். இளவயது. மூச்சு வாங்கியது. தோளில் பெரிய பை, கக்கத்தில் ஒரு சிறிய பெட்டி. அவள் நிமிர்ந்து நேராக அதிகாரியம்மாவைப் பார்த்தாள். ஆம், நேராக. பிறகு கையை உயர்த்தினாள். விரல் பெரிதாகிப் பெரிதாகி, நம் கண்ணையே தொட வருவதுபோலத் திரையை நிறைத்து, அங்கேயே நின்றது. அவள் கண்கள் இடமிருந்து வலமாக நகர்ந்தன. உதடு மெல்ல அசைந்தது. முகம் வெளிறியது. கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சட்டைக் கையில் கண்ணைத் துடைத்தாள். பிறகு எழுந்து, பெட்டியோடு படியிறங்கிப் போய்விட்டாள்.

அதிகாரியம்மா அழுதார். மணி பார்த்தால் சரியாக ஒன்று நாற்பது. கடைசியாக எப்போது இப்படி அழுதோம் என்று நினைத்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. அழுது முடித்து மூக்கை உறிஞ்சியபோதுதான் தெரிந்தது, இமை துடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பூனை வந்தது, போனது. வெளிச்சம் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கியது. மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. 'முற்றும்' போடவே இல்லை. என்ன துணிச்சல் என்று வியந்துகொண்டே எழுந்து புறப்பட்டார். தூங்கும் கணவரை எழுப்பவில்லை, டிவியை நிறுத்தவும் மனம் வரவில்லை. வாசலில் தொங்கிய அட்டையைக் கழற்றி, பேச வேண்டிய குறிப்புகளை அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே லிஃப்டுக்குள் நுழைந்தார்.

கழகத்தில் அவர் பேச எழுந்தார். பதினொரு முகங்கள். அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அதன் முன்பக்கம் கூட்டத்தைப் பார்த்து இருந்தது அவருக்குத் தெரியாது. 'மீறுவோர் மூன்று ஆண்டுகள் தேர்வு எழுத அனுமதிக்கப்பட மாட்டார்கள்' என்பதை முதல் வரிசையில் இருந்தவர் படித்துவிட்டு, கவிதை என்று எண்ணிக் குறித்துக்கொண்டார்.

"ஜன்னல், நாற்காலி பத்தியெல்லாம் நீங்க பேசியிருப்பீங்க" என்று தொடங்கினார். "நான் அந்தப் படிக்கட்டப் பத்திப் பேசறேன்."

பதினொரு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மெல்லாமல் சாப்பிடும் அந்த மனிதனைப் பற்றிச் சொன்னார். "அவனுக்கு வீடு இருக்கு. வீட்டுக்குள்ள அவன் பசிக்கு இடமில்ல." அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். "அவ எதையோ படிக்கிறா. எதைப் படிக்கிறா? நம்ம முகத்தப் படிக்கிறா. அதுல என்ன எழுதியிருக்கோ, அதப் பாத்துட்டுத்தான் பயந்து திரும்பிப் போறா. நாம கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருக்கோம்." அவர் குரல் உடைந்தது. "சினிமான்னா என்னன்னே தெரியாத என் வீட்டுக்காரர்கூட, நம்ம வீட்டுப் படிக்கட்டு மாதிரியே இருக்குன்னார். இந்தப் படம் முடியறதில்லங்க. நாமதான் எழுந்து போயிடறோம்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தலைவர் தாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் இந்தப் படத்த நாலு தடவ பாத்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை தூக்கற இடத்துல எனக்குத் தொண்டை அடைச்சுக்கும்."

"எனக்கும்" என்றார் செயலாளர். "எனக்கும், எனக்கும்" என்று அறை முழுவதும் கேட்டது. பெட்டிக்குள் என்ன என்பதில்தான் கருத்து வேறுபாடு. 'சாம்பல்' என்றார் தலைவர். 'திருப்பி அனுப்பப்பட்ட கடிதங்கள்' என்றார் செயலாளர். 'நாம்' என்றார் கடைசி வரிசையில் ஒருவர். அதற்கும் கைதட்டினார்கள். அதிகாரியம்மாவை அடுத்த ஆண்டுக்குத் துணைத்தலைவராக அந்த இடத்திலேயே தேர்ந்தெடுத்தார்கள். தேர்வே எழுதாமல் தேறியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

ஏழரைக்கு வீடு திரும்பும்போது கால் தரையில் பாவவில்லை. வாசலில் நின்று, செருப்பைக் கழற்றி, வாய்க்குள் சிரித்துக்கொண்டே பையில் சாவியைத் துழாவினார்.

ஹாலில் கணவர் கண்ணாடி இல்லாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"உன் படம் இன்னும் ஓடுதும்மா."

"ஓடட்டும். கேளுங்க, என்னைத் துணைத்தலைவர் ஆக்கிட்டாங்க! அந்த வழுக்கத் தலை ஆளப் பத்திச் சொன்னேன் பாருங்க, செயலாளர் கண்ணக் கசக்கிட்டாரு."

"எந்த ஆளு? நான் பாக்கலையே. எப்ப வந்தான்?"

"ரிப்பேர் வந்துட்டுப் போனதும்."

"அப்ப நான் இங்க இல்ல. நீ முறைச்சதும், வெளியில படியில போய் உக்காந்து சிப்ஸ் தின்னுக்கிட்டு இருந்தேன். உனக்குக் கேட்டுடுமோன்னு பயந்து ஒவ்வொண்ணா ஊறவெச்சு."

அதிகாரியம்மா பையைக் கீழே வைக்கப் போனவர் வைக்கவில்லை.

"ஆனா இப்ப ஒரு பொம்பள வந்தா பாரு, அதுதான் நடிப்பு!" என்றார் கணவர். "அசப்புல உன்னையே உரிச்சு வெச்ச மாதிரி. செருப்பக் கழட்டறா, தனக்குத்தானே சிரிக்கறா, பைக்குள்ள எதையோ தேடறா. அப்புறம் ஆளைக் காணோம்."

வாசல் மணி அடித்தது.

அதிகாரியம்மா போய்க் கதவைத் திறந்தார். தோளில் பெரிய பையும் கக்கத்தில் சின்னப் பெட்டியுமாக அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியின் மேல் சாக்லேட் கடையின் பெயர் இருந்தது. அவள் முதலில் பித்தளைப் பலகையைப் பார்த்தாள், பிறகு அட்டை தொங்கிய இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள், பிறகுதான் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மதியமே வந்தேன் மேடம், மணி அடிக்கக் கையும் தூக்கிட்டேன், அப்பத்தான் மூணு வருஷம் பரீட்சை எழுத முடியாதுன்னு போட்டிருந்ததப் படிச்சேன், எனக்கு அடுத்த மாசம் ரெண்டு அரியர் இருக்கு, நான் மணிய அழுத்தவே இல்ல மேடம், வேணும்னா கேமராவுல பாத்துக்குங்க!"